ரசிகர் எப்போது வாக்காளர் ஆகிறார்? பிரபலமும் மக்களாட்சியும் பற்றி ஓர் எளிய விளக்கம்

நடிகர் ஒருவர் அரசியலுக்கு வரப்போகிறார் என்ற செய்தி வந்தால் போதும், தேநீர்க்கடை தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை இரண்டு குரல்கள் எழும். “சினிமாவைப் பார்த்து ஓட்டுப் போடும் சனங்கள் இருக்கும்வரை நாடு உருப்படாது” என்பது ஒன்று. “மக்கள் விரும்பினால் வரட்டும், அதில் என்ன தப்பு?” என்பது மற்றொன்று. முதல் குரல் வாக்காளரை ஏமாளி என்று முடிவுகட்டிவிடுகிறது. இரண்டாவது குரலோ, அந்த விருப்பம் எப்படி உருவாகிறது, எவ்வாறு வாக்காக மாறுகிறது என்று கேட்பதே இல்லை. கண்மூடித்தனமான மயக்கம் என்றால், பெரும் புகழுடைய சிலர் தேர்தலில் படுதோல்வி அடைந்தது ஏன்? வெறும் விருப்பம் என்றால், சிலரின் புகழ் மட்டும் ஆட்சியாக மாறியது எப்படி?

இக்கட்டுரை அந்த வழிமுறையை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது. தமிழ்நாட்டில் இன்று களத்தில் இருப்பவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களைப் பற்றிப் பேசினால், நம் ஒவ்வொருவருக்கும் இருக்கும் ஆதரவும் எதிர்ப்பும் முன்னே வந்து நின்று, வழிமுறையைப் பார்க்கவிடாமல் மறைத்துவிடும்.

தெரிந்த முகத்தின் மதிப்பு

வாரச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் இரண்டு பேர் அருகருகே கடை போட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் பத்து வருடமாக வாங்குகிறீர்கள், மற்றவர் புதியவர். விலையும் சரக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் பழகிய கடைக்குத்தான் போவீர்கள். இதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க நமக்கு நேரமில்லை என்பதால், ‘தெரிந்தவர்’ என்பதையே நம்பிக்கைக்கான அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் அந்தச் சந்தைப் பழக்கத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அம்மாவுக்கும் உங்களைத் தெரியும். சொத்தைக் காய் கலந்து கொடுத்தால், அடுத்த வாரம் போய், “ஏனம்மா, போன வாரம் பாதிக்குப் பாதி புழுவாக இருந்ததே” என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். தெரிந்தவர் என்ற நம்பிக்கையைக் கேட்கும் உரிமைதான் தாங்கிப் பிடிக்கிறது.

பிரபலம் என்பவர், தமக்கு யாரென்றே தெரியாத இலட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தவர். இந்த வரையறையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். புகழ்பெற்ற மருத்துவரின் புகழ் அவருடைய தொழிலோடு கட்டுண்டது. அவர் நகைக்கடையைப் பரிந்துரைத்தால் நாம் பொருட்படுத்தமாட்டோம். பிரபலத்தின் புகழோ தொழிலிலிருந்து கழன்று தனியே செலவழிக்கக்கூடிய முதலாக மாறிவிடுகிறது. அதனால்தான் தங்க நகையும், பற்பசையும், வீட்டுமனையும் நடிகர்களின் முகத்தோடு விற்கப்படுகின்றன. அந்த முதலை அரசியலிலும் போடலாம்.

ஒருவழி உறவு

அமெரிக்காவில் வீடுகளுக்குள் தொலைக்காட்சி பரவிய காலத்தில், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர்களைப் பார்வையாளர்கள் தங்கள் நண்பர்களைப் போலவே உணரத் தொடங்குகிறார்கள் என்பதை அவர்கள் கவனித்தார்கள். இதனை நாம் ‘ஒருவழி உறவு’ என்று அழைக்கலாம்: ஒருவர் மட்டும் அறிந்து, அன்பு செலுத்தி, கவலைப்படும் உறவு அது. மற்றவருக்கு இவர் இருப்பதே தெரியாது.

நம் ஊரில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். அவருடைய ரசிகர்களுக்கு ‘வாத்தியார்’. மற்ற நடிகர்களும் ‘அண்ணன்’, ‘தலைவர்’ என்று உறவும் பதவியும் கலந்த பெயர்களிலேயே அழைக்கப்படுகிறார்கள். 1967 ஜனவரி 12 அன்று, சட்டமன்றத் தேர்தல் நெருங்கியிருந்த வேளையில், சக நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டுடன் கைகூப்பியபடி மருத்துவமனையில் எடுக்கப்பட்ட படம் சுவரொட்டியாக மாநிலமெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்குப் போகாமலேயே அவர் வென்றார். குண்டு பாய்ந்ததால் அவருடைய குரல் நிரந்தரமாக மாறிப்போனது. பேசும்படத்தில் குரல் கெட்டுப்போன நாயகனுக்கு வாழ்வு முடிந்தது என்றுதான் எவரும் கணக்குப் போடுவார்கள். அவரோ அதே குரலில் மேலும் பத்து ஆண்டுகள் நாயகனாக நடித்தார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் குரல் மாறினால் அவரை எப்படி ஏற்றுக்கொள்வோமோ, அப்படி அவரை ஏற்றுக்கொண்டார்கள்.

1984ஆம் ஆண்டு இறுதியில் நடந்தது இதைவிட வியப்பானது. முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். நோயுற்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனையில் இருந்தார். தேர்தல் வந்துவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஐயம்கூட ஊருக்குள் உலவியது. அப்போது அவர் உணவு உண்பதையும் செய்தித்தாள் படிப்பதையும் காட்டும் காணொளிக் காட்சி மாநிலம் முழுவதும் திரையிடப்பட்டது. அதில் வாக்குறுதி இல்லை, கொள்கை விளக்கம் இல்லை. ஒரு மனிதர் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். உறவினரின் நலம் அறியத் தவித்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்திரா காந்தி படுகொலையால் எழுந்த அனுதாப அலையும் காங்கிரசுடனான கூட்டணிக்கு உதவியது உண்மை. ஆயினும், ஆண்டிபட்டித் தொகுதியில் ஒரு நாள்கூடப் பிரச்சாரம் செய்யாமல் கடல் கடந்த படுக்கையிலிருந்து அவர் வென்றதை அந்த அலையை மட்டும் வைத்து விளக்க முடியாது.

பிம்பம்: ஒத்திகை பார்க்கப்பட்ட ஆட்சி

அன்பு ஒருவரைத் திரையரங்கு வரை கொண்டுவரும். கோட்டைக்கு அனுப்ப வேண்டுமானால், ‘இவரால் ஆள முடியும்’ என்ற எண்ணமும் தேவை. அந்த எண்ணத்தைத் தருவது பிம்பம். அதாவது, பல ஆண்டுகளில் பல படங்களின் வழியாக ஒருவரைப் பற்றி நம் மனத்தில் படியும் ஒற்றைச் சித்திரம்.

1958இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்தில், மன்னனைப் போலவே தோற்றமுடைய சாதாரணக் குடிமகன் ஒருவன் அரியணையில் அமர்ந்து மக்களுக்கான சட்டங்களை இயற்றுவான். எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் படகோட்டியாகவும், விவசாயியாகவும், ரிக்‌ஷாக்காரராகவும் நடித்தார்; குடிக்காத, புகைக்காத, தாயை வணங்குகிற, எளியவருக்காக அடிவாங்கித் திருப்பி அடிக்கிற மனிதராகவே எப்போதும் தோன்றினார். அதாவது, அவர் பதவியேற்பதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அவருடைய ஆட்சியை ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.

இது தமிழர்களுக்கு மட்டுமே உரிய குணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உக்ரைனில் 2015இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரில், ஊழலைத் திட்டிப் பேசிய காணொளி பரவியதால் எதிர்பாராமல் நாட்டின் அதிபராகிவிடும் பள்ளி ஆசிரியராக நடித்தவர் நகைச்சுவைக் கலைஞர் வொலோதிமிர் செலன்ஸ்கி. அத்தொடரின் பெயரையே கட்சிக்கும் சூட்டி, 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்குகளுடன் உண்மையான அதிபர் ஆனார். எழுத்தறிவு ஏறத்தாழ முழுமையாக உள்ள ஐரோப்பிய நாட்டில், தமிழ்நாட்டில் நடந்ததே சில ஆண்டுகளுக்குள் சுருங்கி நடந்தது.

சிவாஜி கணேசனின் தோல்வி இதன் மறுபக்கம். அவருடைய நடிப்பை மறுப்பவர் தமிழில் அரிது. ஆனால் 1988இல் தனிக்கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் போட்டியிட்டபோது அவரே தோற்றார். தோல்விக்குக் காரணங்கள் பல: கட்சிக்கு வயது ஓராண்டுகூட ஆகவில்லை, சேர்ந்த கூட்டணியும் வலுவற்றது. இவற்றோடு மற்றொன்றும் உண்டு என்பது என் கருத்து. சிவாஜி ஒவ்வொரு படத்திலும் வேறொருவராக மாறினார், கட்டபொம்மனாகவும் வ.உ.சி.யாகவும் குடும்பத்துக்காக உருகும் அண்ணனாகவும் அவரை நம்பினோம். அவரிடம் மக்கள் வியந்தது ஒருவர் பலராக மாறும் கலையை. எம்.ஜி.ஆரிடம் கண்டதோ எந்த வேடத்திலும் மாறாத ஒரே மனிதரை. பெரிய நடிகராக இருப்பதும் அரசியல் பிம்பம் உடையவராக இருப்பதும் ஒன்றல்ல.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிரபலம் என்பது நாம் அறிந்த, நம்மை அறியாத ஒருவர். அவரோடு நமக்கு ஒருவழி உறவு உண்டாகிறது. அவருடைய வேடங்கள் ஒரே சித்திரமாகத் திரண்டால், அது ஆளும் தகுதிக்கான சான்றாகவே தோன்றத் தொடங்குகிறது. ஆனால் இவை மட்டும் வாக்குப் பெட்டியை நிரப்பிவிடுவதில்லை.

மன்றத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கும் முகவர் வேண்டும். யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து வீட்டுக்குப் போய் அழைத்துவர ஆள் வேண்டும். புகழ் இந்த வேலையைச் செய்யாது. மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

ரசிகர் மன்றம் என்ற அமைப்பு முக்கியமாவது இங்கேதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் மட்டுமே தெரியும். தெருமுனையில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஒரு மன்றத்தின் செயலாளர் ஓராண்டில் என்னென்ன செய்கிறார் என்று அருகிருந்து பாருங்கள். பட வெளியீட்டன்று யாருக்கு எத்தனை சீட்டு என்று சண்டையில்லாமல் பங்கிடுகிறார். கோடையில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார். தலைவர் பிறந்தநாளுக்கு இரத்ததான முகாமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் ஏற்பாடு செய்கிறார். அதற்காகக் கடைகடையாக ஏறி நன்கொடை வாங்கிக் கணக்கும் எழுதுகிறார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது அவருக்கு மனப்பாடம். கட்சியின் வட்டச் செயலாளர் செய்யும் அதே வேலைதான் இது. பெயர் மட்டும்தான் வேறு.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். சில நாள்களிலேயே அ.தி.மு.க.வைத் தொடங்க முடிந்ததற்கும், மறு ஆண்டு மே மாதமே திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் வெல்ல முடிந்ததற்கும் இந்த மன்றங்களே அடித்தளம். கூடவே, 1953 முதல் தி.மு.க.வில் இருந்து பெற்ற கட்சி அனுபவமும் அவருக்கு இருந்தது. ஆந்திராவில் என்.டி.ராமாராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசத்தைத் தொடங்கி, மாற்றியமைத்த வேனில் ஊர் ஊராகச் சென்று, 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். அதே மாநிலத்தில் சிரஞ்சீவி 2008இல் பிரஜா ராஜ்ஜியத்தைத் தொடங்கி, 2009 தேர்தலில் 294 இடங்களில் 18 மட்டுமே பெற்று, 2011இல் கட்சியைக் காங்கிரசில் இணைத்துவிட்டார். அவருக்கும் ரசிகர்களும் மன்றங்களும் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் என்.டி.ஆருக்குக் காங்கிரஸ் மீதான கடும் வெறுப்பும், தெலுங்கரின் தன்மானம் என்ற தெளிவான முழக்கமும் கிடைத்தன. 2009இல் அப்படியொரு வெற்றிடம் இல்லை. ஆக, மன்றமும் வேண்டும், மக்களிடம் ஏற்கெனவே ஒரு குறை கனன்றுகொண்டும் இருக்க வேண்டும்.

ஊடகம் ஏன் பிரபலத்தின் பின்னால் ஓடுகிறது?

இதற்குச் செய்தியாளர்களின் ரசனையைக் குறைசொல்வது வழக்கம். காரணம் ரசனை அன்று, கணக்கு. ஊடகம் விளம்பரதாரருக்கு விற்பது நம்முடைய கவனத்தை. நம் கவனமே சரக்காகவும் பணமாகவும் மாறும் இந்த ஏற்பாட்டைத்தான் ‘கவனப் பொருளாதாரம்’ என்கிறார்கள்.

காவிரிக் கடைமடையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று எழுத ஒரு செய்தியாளருக்குக் குறைந்தது இரண்டு நாள் பயணம் வேண்டும். விவசாயிகள், நீர்வளத் துறை அதிகாரிகள் என்று பத்துப் பேரிடம் பேச வேண்டும். எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். நடிகர் விமான நிலையத்தில் காரிலிருந்து இறங்கிக் கையசைப்பதை எடுக்க இரண்டு நிமிடம் போதும். பார்வைகளோ பின்னதற்கே பன்மடங்கு. மாத இறுதியில் சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும்? இப்படி நாள்தோறும் எடுக்கப்படும் சிறு முடிவுகள் சேர்ந்துதான், கடைமடையைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமலும் நடிகரின் கார் என்ன நிறம் என்று தெரிந்தும் இருக்கும் நிலை உருவாகிறது.

இதன் அரசியல் விளைவை அமெரிக்காவில் தெளிவாகக் காணலாம். 2004 முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வெற்றிகரமான முதலாளியாக வாரந்தோறும் தோன்றிய டொனால்ட் ட்ரம்ப், 2015இல் அதிபர் வேட்பாளராக அறிவித்துக்கொண்டார். 2016 மார்ச் அளவில், அவர் பணம் கொடுக்காமலேயே பெற்ற ஊடகக் கவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 200 கோடி டாலர் என்று ஊடக அளவீட்டு நிறுவனம் ஒன்று மதிப்பிட்டது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் தலைவர் அந்த நேரத்தில், இது அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் இருக்கலாம், எங்கள் நிறுவனத்துக்கு மிக நல்லது என்ற பொருள்படப் பேசினார். ட்ரம்பைக் கண்டித்தும் ஊடகங்கள் அவரையே காட்டின. கவனப் பொருளாதாரத்தில் திட்டுவதும் கவனம்தான்.

மக்களாட்சிக்கு நேர்வது என்ன?

நடிகர்கள் அரசியலுக்கு வருவதே மக்களாட்சிக்குக் கேடு என்று நான் கருதவில்லை. வழக்கறிஞரும் நிலவுடைமையாளரும் வரலாம், நடிகர் மட்டும் வரக்கூடாது என்பதற்கு நியாயம் இல்லை. தேனியில் 1962இல் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தது, குடும்பப் பின்னணியோ பெருஞ்செல்வமோ இல்லாதவர்களுக்கும் கதவு திறக்கும் என்று காட்டியது. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது, இவ்வளவு செலவு தாங்காது என்ற எச்சரிக்கைகளை மீறிச் செல்லும் துணிவை அவருக்குத் தந்ததும் அந்தப் புகழ்தான். அதனால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மறந்துவிட்டு இக்கதையை எழுதுவது நேர்மையாகாது.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. மக்களாட்சியின் உயிர்நாடி பொறுப்புக்கூறல். அதிகாரத்தில் இருப்பவர் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அது. சந்தையில் காய்க்காரம்மாவிடம் நாம் கேட்டது அதைத்தான். ஒருவழி உறவில் அந்தக் கேள்வி எழும்போதே அது குடும்பத்தாரை அவமதிப்பதாக உணரப்படுகிறது. ‘இந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?’ என்று கேட்பவர், ‘எங்கள் தலைவரை எப்படிக் கேட்கலாம்?’ என்ற பதிலைப் பெறுகிறார். கேட்டது கணக்கு, பதில் பாசம். இவ்விரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கமாட்டா.

இப்பழக்கம் நடிகர்களோடு நிற்பதுமில்லை. திரையில் ஒருநாளும் தோன்றாத தலைவர்களும் இன்று பிம்பம் சமைக்கும் குழுக்களை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்திலேயே, செய்தியாக வேண்டும் என்பதற்காகவே நடத்தப்படும் நிகழ்வுகளைப் பற்றி எழுதினார். அவற்றைக் ‘காட்சி நிகழ்வு’ எனலாம். முழங்காலளவு வெள்ளத்தில் தலைவர் இறங்கி நடக்கிறார். நான்கு கோணங்களில் படம் எடுக்கப்படுகிறது. மாலையில் அது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. வடிகால் ஏன் தூர்வாரப்படவில்லை என்ற கேள்வியை அந்தக் காணொளியில் எங்கே செருகுவது? 2015 சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களின் மேல் முதலமைச்சரின் படம் ஒட்டப்பட்டது பெரும் சர்ச்சையானது. வரிப்பணம் ஒருவரின் கொடையாகத் தோற்றம் பெறுவதைத்தான் அன்று மக்கள் எதிர்த்தார்கள்.

ஒற்றை முகத்தைச் சுற்றிக் கட்டப்படும் கட்சிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஒரு மாதத்தில், நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு நடந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அடுத்து யார் என்பதைத் தீர்மானிக்கும் முறை எதுவும் கட்சியில் வளர்க்கப்பட்டிருக்கவில்லை.

சுருக்கமாக: ஊடகம் கவனத்தை விற்பதால் பிரபலத்தைத் தேடுகிறது, எல்லா அரசியல்வாதிகளும் அதே வழியில் நடக்கத் தொடங்குகிறார்கள், பதில் சொல்லும் கட்டாயம் தளர்கிறது.

அன்பும் வாக்கும்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாக்காளர் மயங்கிக் கிடப்பவர் என்றால் விஜயகாந்தின் கதையை விளக்க முடியாது. அவர் 2005 செப்டம்பரில் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். 2006இல் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்றும், விருத்தாசலத்தில் அவர் மட்டுமே வென்றார். 2011இல் கூட்டணியில் 29 இடங்களைப் பிடித்து எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் செய்ததையும் செய்யாததையும் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை; உளுந்தூர்பேட்டையில் அவரே வைப்புத்தொகையை இழந்தார்.

2023 டிசம்பர் 28 அன்று அவர் காலமானார். மறுநாள் காலை அவருடைய உடல் சென்னைத் தீவுத்திடலில் வைக்கப்பட்டபோது வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் வீட்டிலும் அலுவலகத்திலும் வருபவர்க்கெல்லாம் சோறு போட்டதைச் சொல்லிச் சொல்லிப் பலர் அழுதார்கள். கோயம்பேட்டில் அடக்கம் செய்யப்படும் வரை கூட்டம் கலையவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் 2016இல் வேறு சின்னத்தில் வாக்களித்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள்.